அலி டப்பா ஜெனீவா போகவிருந்த கதை

புனே பக்கத்தில் போசரியிலிருந்து சாக்கன் வரைக்கும் தகடு அடிக்கிற எந்தப் பிரஸ் ஷாப்பிலும் நுழைந்து, "அலி டப்பா எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். மெஷினுக்கு முன்னால் இடுப்பு உயரத்தில் நிற்கிற ஒரு மஞ்சள் இரும்புப் பெட்டியைக் கை காட்டுவார்கள். பெட்டியின் இரண்டு ஓரத்திலும் காளான் மாதிரி இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் அறுபது டன் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பொத்தான் மேல் இருக்கிறபோது எந்தக் கை உள்ளே மாட்டும்? விஷயம் அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானைச் செய்து முடிக்க அமீர் அலிக்கு இரண்டு விரலும் பதினோரு வருஷமும் செலவாயின.

அவர் கடையநல்லூரில் ஐந்தாம் வகுப்போடு புத்தகப் பையைத் தூக்கிப் போட்டவர். பதினேழு வயதில் புனே வந்தார். வந்த அன்றைக்கு மராட்டியும் தெரியாது, இந்தியும் தெரியாது. "ஹோ" என்றால் ஆமாம் என்பது மட்டும் ரயிலில் கற்றுக்கொண்டது. அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பிம்ப்ரியில் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்துவிட்டார். பெருக்கத் தெரியுமா? ஹோ. எண்ணெய் போடத் தெரியுமா? ஹோ. மெஷின் ஓட்டத் தெரியுமா? ஹோ. மூன்றாவது பச்சைப் பொய். மூன்றே மாதத்தில் அதையும் உண்மையாக்கிக் காட்டினார். படித்தவன் ஒருவன் இதைச் செய்திருந்தால் மேடை போட்டுப் பட்டம் கொடுத்திருப்பார்கள்.

அந்தக் காலத்து மெஷின்களிலும் இரண்டு பொத்தான் உண்டு. ஆனால் பீஸ் கணக்கில் வேலை செய்கிறவன் இடது பொத்தானைச் சைக்கிள் டியூப்பால் இழுத்துக் கட்டிவிடுவான். இடது கை தகட்டைத் தள்ளும், வலது கை அமுக்கும், நாளைக்கு இருநூறு பீஸ் கூட விழும். எல்லாரும் கட்டினார்கள். அலியும் கட்டினார். எண்பத்து நாலாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, இடது கையின் கடைசி இரண்டு விரலும் பாதியோடு போயின. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவருக்கு முதலாளி மேல் கோபம் வரவில்லை, விதியையும் நொந்துகொள்ளவில்லை. "கட்டிப்போட விட்டதே, அது என்ன பொத்தான்?" என்று பக்கத்துப் படுக்கைக்காரனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் அலி டப்பா. ஒரு பொத்தானைக் கட்டிப்போட்டால் மெஷின் செத்த பிணமாக நிற்கும். ஒவ்வொரு தடவையும் இரண்டையும் முழுசாக விட்டு, அரை விநாடிக்குள் இரண்டையும் சேர்த்து அமுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற பெட்டி பழுதானால் வெளிநாட்டிலிருந்தே ஆள் வர வேண்டும். அலி டப்பா பழுதானால் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வந்தால் போதும். அவர் பெட்டி போன ஷாப்பில் அதற்கப்புறம் ஒரு விரலும் விழுந்ததில்லை. இதை அவர் தினமும் யாரிடமாவது சொல்வார். கிர்கியில் ஏறி, சொந்த ஷெட்டு இருக்கிற தளேகாவில் இறங்க அவர் பிடிக்கிற லோனாவாளா லோக்கல் ரயிலில் அவரோடு தினம் வருகிறவர்கள், அவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே, "ஏக் பீ உங்க்லீ நஹீ" என்று முடித்துவிடுவார்கள்.

போன வருஷம் மழை ஓய்ந்த கையோடு தளேகாவ் ஷெட்டுக்கு ஓர் அம்மாள் வந்து இறங்கினார். பெயர் சுஷ்மா. ஐம்பது வயதிருக்கும். புனே விஷ்ராந்த்வாடியில் பிறந்து வளர்ந்த தமிழர், அப்பா ராணுவக் கணக்கு ஆபீசில் இருந்தவர். அந்த அம்மாள் இருபது வருஷம் அரசாங்க ஆராய்ச்சி வேலை பார்த்துவிட்டு, இப்போது ட்ரோன் செய்கிற ஒரு தனியார் கம்பெனியில் சட்டதிட்டக் காகிதங்களுக்குப் பொறுப்பு. நல்ல பட்டுப்புடவை, காலில் ஓட்டக்காரர்களின் ஷூ.

"அலி பாய், உங்க டப்பாவை யாராலயும் ஏமாத்த முடியாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?"

"ஏமாத்தப் பாத்தவன் பேரெல்லாம் எங்கிட்ட இருக்கு மேடம். ஜெயிச்சவன்னு ஒருத்தன் பேரு வேணும்னா, நீங்கதான் கொண்டுவரணும்."

அம்மாள் சிரித்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விஷயத்துக்கு வந்தார். அவர்கள் கம்பெனி ட்ரோன் வானத்தில் வட்டமடிக்கும். கீழே எது எதிரி வண்டி என்று தானே கண்டுபிடிக்கும். குண்டோடு தானே பாயும். ஆளே வேண்டாம்.

"ஆளே வேண்டாம்னா எங்கிட்ட எதுக்கு வந்திய?"

"ஆளே வேண்டாம்ங்கறதுதான் அலி பாய் பிரச்சினை. இந்த மாதிரி ஆயுதத்துக்கு உலகம் பூராவுக்கும் ஒரு சட்டம் வேணும்னு ஜெனீவாவுல பத்து வருஷத்துக்கு மேல பேசிட்டிருக்காங்க. சில நாடு அடியோட தடை பண்ணுங்கறது. சில நாடு விதி இருந்தா போதும்ங்கறது. சில நாடு இப்ப என்ன அவசரம்ங்கறது."

"நம்ம நாடு?"

"பேசலாம், ஆனா சட்டமா எழுதற நேரம் இன்னும் வரலைங்கறது நம்ம நாடு. இத்தனை சண்டைக்கும் நடுவுல ஏறக்குறைய எல்லாரும் தலையாட்டறது ஒரே விஷயத்துக்கு. நடுவுல ஒரு மனுஷன் இருக்கணும்."

"அந்த மனுஷன் என்ன செய்யணும்?"

"அதுலதான் ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போகலை."

கம்பெனியின் திட்டம் இதுதான். ட்ரோனை ஓட்டுகிறவன் மேஜையில் ஓர் அலி டப்பா. திரையில் இலக்கு தெரியும். அவன் பார்த்து, இரண்டு கையாலும் அமுக்கினால் மட்டும் குண்டு பாயும். அடுத்த கூட்டத்துக்கு உலகத்து நாடுகள் ஜெனீவாவில் கூடும்போது, பக்கத்து அரங்கில் அந்தப் பெட்டியை ஒரு மேஜை மேல் வைத்து, "இதோ, மனிதன் நடுவில் இருக்கிறான்" என்று காட்டப் போகிறார்கள். கூடவே பெட்டி செய்தவர் கையெழுத்துப் போட்ட ஓர் உறுதிக் காகிதம். முதல் ஆர்டரே இருநூறு பெட்டி. பெட்டியின் முன்பக்கத்தில் 'அலி' என்ற பெயர் அப்படியே இருக்கும்.

அமீர் அலிக்கு வேறொன்றும் காதில் விழவில்லை. கடையநல்லூரில் பையைத் தூக்கிப் போட்டவன் பெயர் ஜெனீவாவில் ஒரு மேஜை மேல்! அன்றைக்கே லோக்கலில் பாதி வண்டிக்குத் தெரிந்துவிட்டது. டிக்கெட் பரிசோதகர்கூடக் கை கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் எதிரே டீக்கடையில் நின்று, ஊர்க்காரர்கள் இருபது பேருக்கு நடுவில் அறிவித்தார். அவருடைய மனைவியின் தம்பி இர்பான், புனே கேம்ப் கடைத்தெருவில் சூட்கேஸ் கடை வைத்திருப்பவர், வாயைச் சும்மா வைத்திருப்பாரா?

"மச்சான், ஜெனீவாவுக்கு நீங்க போறியளா, டப்பா மட்டும் போவுதா?"

"டப்பா போனா நான் போன மாதிரிதான்."

"அப்ப டப்பாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தாச்சா?"

"உன் கடைச் சூட்கேஸ்லதாம்லே வச்சு அனுப்பப் போறேன். பூட்டு மட்டும் மாத்தணும். உன் பூட்டு ஊதுனாலே தொறந்துக்கிடுது."

கூட்டம் சிரித்தது. இர்பானும் சிரித்தார். ஆனால் சொன்ன சொல் இருபது பேர் காதில் ஏறிவிட்டது. இனி டப்பா ஜெனீவா போகாவிட்டால் அந்த டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது. அது அலிக்கு நன்றாகவே தெரியும். போகாமல் இருக்க என்ன காரணம் வரப் போகிறது என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

பெட்டி மூன்று வாரத்தில் தயாரானது. சுஷ்மாவின் ஆட்கள் தொழிற்பேட்டையில் அனுமதி வாங்கி ஒரு காலை முழுக்கக் கேமரா ட்ரோனைப் பறக்கவிட்டு, தளேகாவ் தெருக்களை மேலிருந்து படம் பிடித்தார்கள். அலி ஷெட்டு முற்றத்தில் தன் வெள்ளை வேன் பக்கத்தில் நின்று, தொப்பியைக் கழற்றி ட்ரோனுக்கு ஆட்டினார். "நம்ம சொந்தக்காரன் போற மாதிரி இருக்கு" என்றார்.

பிறகு ஷெட்டுக்குள் ஒரு மேஜை, ஒரு மடிக்கணினி, புதிய அலி டப்பா. சோதனை எளிது. திரையில் ஒவ்வொரு படமாக வரும். மெஷின் எதை இலக்கு என்று நினைக்கிறதோ அதைச் சுற்றிச் சிவப்புச் சதுரம் போடும். கூரையில் நீலப் பட்டை உள்ள வெள்ளை வேன் மட்டும்தான் இலக்கு. பட்டை இருந்தால் இரண்டு கையாலும் அமுக்கு. இல்லாவிட்டால் விட்டுவிடு, எட்டு விநாடியில் அடுத்த படம் வரும். மெஷின் பத்தில் ஒன்பது தடவை சரியாகச் சொல்லும். பத்தாவது தடவை ரொட்டி வேனையோ ஸ்கூல் வேனையோ சதுரம் போட்டுவிடும். அதைப் பிடிக்கத்தான் மனிதன்.

"மொதல்ல டப்பாவ ஏமாத்த முடியுமான்னு பாப்போம்" என்றார் அலி. "அதுக்கு எங்கிட்ட ஆளு இருக்கான். புனேயிலயே பெரிய திருடன்."

அந்தப் பெரிய திருடன் சுனில். மராட்டிக்காரர், இருபத்திரண்டு வருஷமாக அலியிடம் ஆபரேட்டர், நாற்பத்தைந்து வயது, கல்யாண வயதில் மகள். அலியிடம் திட்டு வாங்கியே தமிழ் கற்றவர். ஆகையால் அவர் தமிழில் 'நீங்கள்' என்ற சொல்லே கிடையாது. அப்படி ஒரு சொல் இருப்பதை அலி அவருக்குக் காட்டியதே இல்லை.

சுனில் காலை முழுக்கப் பாடுபட்டார். டியூப் கட்டினார், மரச் சக்கை செருகினார், நாணயங்களை அடுக்கினார், துடைப்பக் கட்டையைக் குறுக்கே வைத்து இரண்டையும் ஒரே அடியாக அமுக்கிப் பார்த்தார். பொத்தானைச் சுற்றி அலி வைத்திருந்த இரும்பு வளையம் கட்டையை நெருங்கவே விடவில்லை. கடைசியில் வியர்த்துப்போய்க் கை கூப்பினார்.

"சேட், ஆவாது. உன் டப்பா ரொம்ப ஹராமி."

அலி ஷெட்டுக்கே வடா பாவ் வாங்கிக் கொடுத்தார். பிறகு சுனில் மூன்று மணிக்கு ஒழுங்காக உட்கார்ந்து நாலு மணிவரை படம் பார்த்து அமுக்கினார். டக், டக். டக், டக். பிரஸ் ஓடுகிற சீரிலேயே சத்தம் வந்தது. அலி கண்ணை மூடிக் கேட்டு ரசித்தார்.

நாலரைக்கு சுஷ்மா வந்து, கணினியில் பதிவானதைத் திறந்தார்.

"நானூத்திப் பன்னிரண்டு படம் அலி பாய். நானூத்திப் பன்னிரண்டும் அமுக்கியிருக்கு."

"பின்ன? என் ஆளு."

"அதுல முப்பத்தெட்டு தப்பு. ஸ்கூல் வேன் எட்டு. ஒரு ஆம்புலன்ஸ்."

அலிக்கு முகம் கறுத்தது. "எலே சுனிலு, நீ பாத்தியா, பாக்கலியா?"

"பாத்தேன் சேட்."

"பட்டை இல்லாத வேன ஏம்லே அமுக்குன?"

"சதுரம் வந்துச்சு சேட். தகடு வந்தா அமுக்கணும், சதுரம் வந்தாலும் அமுக்கணும். மெஷினு பாத்துட்டுத்தானே சதுரம் போடுது? நான் ரெண்டாவது வாட்டி எதுக்குப் பாக்கணும்?"

"ஆம்புலன்ஸ்லே அது!"

"மேலேருந்து பாத்தா எல்லாம் டப்பாதான் சேட்."

சுஷ்மா கணினியை மூடினார். இன்னும் ஓர் ஆளை வைத்துச் சோதனை செய்ய வேண்டும், யார் உட்காருகிறார்கள் என்று கேட்டார். அலி சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"இவன் எருமமாடு மேடம். நாளைக்கு நான் உக்காருதேன். ஒரு தப்பு இருந்தா எம்பேர மாத்தி வச்சுக்கிடுங்க."

மறுநாள் பத்து மணிக்கு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கூரையாகப் பார்த்தார். முதல் தப்பு ஏழாவது படத்திலேயே வந்தது, ஒரு பால் வேன். கையைப் பொத்தானிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "போ, பொழைச்சுப் போ" என்றார். இன்னொன்று, இன்னொன்று. ஒரு ராஜா தீர்ப்புச் சொல்லுகிற மாதிரி இருந்தது. சுனில் தூரத்திலிருந்து பார்ப்பது தெரிந்ததும் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு கைக்குச் சீர் வந்துவிட்டது. நாற்பத்தேழு வருஷமாகப் பொத்தான் அமுக்கிய கை. சதுரம் வந்தது, கை இறங்கியது. கண் திரையிலேயே இருந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். மனம்தான் மெல்ல எழுந்து, இரண்டாவது ஷெட்டு எங்கே போடலாம் என்று அளக்கப் போய்விட்டது. இந்த ஷெட்டுக்குப் பின்னால் காலி மனை இருக்கிறது. பெயர்ப் பலகை எந்த நிறத்தில்? பச்சையா, இதே மஞ்சளா? டக், டக். இர்பானை அழைத்து வந்து அந்தப் பலகைக்குக் கீழே நிறுத்த வேண்டும். டக், டக். பத்தே முக்காலுக்கு முந்நூறாவது படம் முடிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எழுதிக்கிடுங்க மேடம். சுத்தம்."

சுஷ்மா திறந்து பார்த்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தள்ளிக்கொண்டே போனார்.

"முதல் அம்பதுல ஆறு தப்பு வந்தது. ஆறையும் பிடிச்சுட்டீங்க. ரொம்ப நல்லா."

"அப்புறம்?"

"அப்புறம் இருபத்திநாலு வந்தது. ஒண்ணுகூடப் பிடிக்கலை."

"இருக்காது."

அம்மாள் இன்னும் கீழே தள்ளினார். ஓரிடத்தில் விரல் நின்றது. படத்தைப் பெரிதாக்கினார். முகம் மாறியது. "இது நான் வச்சதில்ல அலி பாய். அன்னிக்குப் பறக்கவிட்டதுல மெஷினே எடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

இருநூற்றுப் பத்தொன்பதாவது படம். மேலிருந்து எடுத்தது. நீலத் தகட்டுக் கூரை, மஞ்சள் தண்ணீர்த் தொட்டி, முற்றத்தில் ஒரு வெள்ளை வேன். அதன் கூரையில் பட்டை கிடையாது. வேன் பக்கத்தில் ஒரு மனிதன் கையைத் தூக்கி எதையோ ஆட்டிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்புச் சதுரம். கீழே நேரம் பதிவாகியிருந்தது. படம் வந்து ஒரு விநாடி முடிவதற்குள் இரண்டு பொத்தானும் இறங்கியிருந்தன.

சுனில் எட்டிப் பார்த்தார். "சேட், இது நீ."

அன்றைக்கு அலி லோக்கலில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்கள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

மறுநாள் காலை பசியாறும்போது மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸிடம்தான் விஷயத்தை அவிழ்த்தார். அந்த அம்மாள் இடியாப்பத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சிரிக்கதுக்கு என்ன இருக்கு இதுல?"

"நாப்பது வருசமா நான் பாக்குத கூத்துதானே. நான் என்ன சொன்னாலும் ம், ம்னு சொல்லுவிய. போன வாரம், வீட்டுக்குத் தீ வச்சிரட்டான்னு கேட்டேன். அதுக்கும் ம்னுதான் சொன்னிய."

"எப்பக் கேட்ட?"

"பாத்தியளா?"

அலி இடியாப்பத்தைப் பிசைந்தார். "காகிதத்துல கையெழுத்துப் போடணும் இன்னிக்கு" என்றார்.

"என்னன்னு எழுதியிருக்கு?"

"இங்கிலீஷ்ல இருக்கு."

"தெரியாமயா போடப் போறிய? அதுக்கும் ம் தானா?"

பதினொரு மணிக்கு சுஷ்மா காகிதத்தோடு வந்தார். அலி அதை மேஜையில் விரித்து, தமிழில் ஒரு தடவை, நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொன்னார். அம்மாள் சொன்னார்: இந்தப் பெட்டி பொருத்தப்பட்டிருக்கும் வரை, ஒரு மனிதன் பார்த்து முடிவு செய்யாமல் ஆயுதம் பாயாது என்று தயாரிப்பாளர் உறுதி கூறுகிறார்.

"பாத்துன்னு இருக்கா?"

"இருக்கு."

"முடிவு செய்யாமன்னும் இருக்கா?"

"அதுதானே முக்கியம்."

"அந்த ரெண்டையும் எடுத்துருங்க. ரெண்டு கை அமுக்காம பாயாதுன்னு எழுதுங்க. இப்பவே போடுதேன், பத்து தடவை போடுதேன்."

"அது கம்பெனிக்கு உதவாது அலி பாய். ஜெனீவாவுல யாரும் கையைப் பத்திக் கேக்கலை." அம்மாள் பேனாவை மூடியோடு மேஜையில் வைத்தார். "சும்மா சுத்தி வளைக்க வேண்டாம். நீங்க போட்டா இன்னிக்கே ஆர்டர். போடலேன்னா சாக்கன்ல ஒருத்தர் இதே மாதிரி பெட்டியோட தயாரா இருக்கார். அவர் சோதனையெல்லாம் கேக்க மாட்டார். பெட்டியை வாங்கறதும் வாங்காததும் என் கையில இல்ல."

"நீங்க என்ன சொல்லுதிய?"

"கம்பெனி ஆளா, போடுங்கன்னு சொல்றேன்." ஸ்டூலை இன்னும் நெருக்கி இழுத்துப் போட்டார். "போன தடவை ஜெனீவாவுல நான் பின்வரிசைல உக்காந்திருந்தேன். ஒரு நாட்டுக்காரர் எழுந்து கேட்டார், நடுவுல இருக்கற அந்த மனுஷனுக்கு யோசிக்க எத்தனை விநாடி கொடுப்பீங்கன்னு. சபையில பதில் வரலை. எனக்குப் பதில் தெரியும். எட்டு. நானும் சொல்லலை."

அலி பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். இருபது பேர் நிற்கிற டீக்கடை கண்ணுக்கு முன்னால் வந்தது. இர்பானின் பல் தெரிந்தது. இருநூறு பெட்டி, மேஜை, அதன் மேல் தன் பெயர். போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? இரண்டு சொல். அதுவும் இங்கிலீஷில்.

அவர் தன் டப்பாவைப் பார்த்தார். இடது பொத்தானைத் தொட்டார். முப்பது வருஷமாக அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது ஒரே விஷயம்: இதைக் கட்டிப்போட முடியாது. நேற்று டியூப் இல்லை, சக்கை இல்லை, துடைப்பக் கட்டை இல்லை. பொத்தான் இரண்டும் சுதந்திரமாகத்தான் இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆளைத்தான் சதுரம் கட்டிப்போட்டிருந்தது. எண்பத்து நாலில் கட்டுப்பட்டது பொத்தான், போனது இரண்டு விரல். இதில் போகிறது முற்றத்தில் நின்று தொப்பி ஆட்டுகிறவன் உயிர். அவன் தன் வீட்டு வாசலில் நிற்கிறான். மேலே சொந்தக்காரன் போகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"மேடம், என் டப்பாவுல குத்தம் கெடையாது. அத மொதல்ல எழுதிக்கிடுங்க."

"சரி."

"ஆனா அது கையத்தான் காவல் காக்கும். கண்ணக் காவல் காக்க அதுக்குத் தெரியாது. தெரியாத வேலைய தெரியும்னு சொல்லி என் பெட்டிய அனுப்ப மாட்டேன். நானே ஒரு தடவை அப்படிச் சொல்லித்தான் வேலைக்குச் சேந்தேன். அதுக்கு ரெண்டு வெரல் குடுத்தாச்சு, போதும்."

காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிப் போல்ட் மாதிரி நிற்க, எழுதினார்:

"இந்தப் பெட்டியில் இரண்டு கை அமுக்காமல் எதுவும் நடக்காது. அதற்கு நான் பொறுப்பு. அமுக்குகிறவன் பார்த்தானா என்று இந்தப் பெட்டிக்குத் தெரியாது. என் ஆள் நல்ல ஆள், எல்லாவற்றையும் அமுக்கினான். நான் அவனைவிடக் கெட்டிக்காரன், என்னையே அமுக்கினேன். ஒரு ஆளுக்கு எட்டு விநாடி போதாது, முந்நூறு படமும் கூடாது. அமீர் அலி, தளேகாவ்."

கீழே கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே தேதியும் போட்டார்.

சுஷ்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். அவருக்கும் தமிழ் படித்துப் பல வருஷமாகியிருந்தது. படித்து முடித்து, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

"கம்பெனி இதை வாங்காது அலி பாய்."

"வாங்க வேண்டாம்."

"சோதனைப் பதிவை கோப்புல சேர்க்க வேண்டியது என் பொறுப்பு. சேர்ப்பேன். ரெண்டு பேர், எழுநூத்திப் பன்னிரண்டு படம், எல்லாம். நீங்க எழுதினதை இங்கிலீஷ் பண்ணி மேல வைப்பேன். யாராவது திறந்து பார்ப்பாங்களான்னு வாக்குக் கொடுக்க முடியாது."

"வைங்க. எம்பேர தெளிவா எழுதுங்க. ஒரு 'எல்' விட்டுறாதிய."

அம்மாள் கிளம்பும்போது, கணினியையும் பெட்டியையும் திங்கட்கிழமை ஆள் வந்து எடுத்துக்கொள்ளும், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்றார். மாலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இரண்டே வாக்கியம் இந்தியில். ஆர்டர் சாக்கனுக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை. அலி வீட்டிலேயே தொழுதுகொள்வார் என்று ஜன்னத்துல் பிர்தௌஸ் எதிர்பார்த்தார். அவரோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டி, அத்தர் தடவிக்கொண்டு, வழக்கத்தைவிடப் பத்து நிமிஷம் முன்னாலேயே போனார். தொழுகை முடிந்ததும் நேராக டீக்கடைக்கு வந்து நடுவில் நின்றார்.

இர்பான் காத்துக்கொண்டிருந்தார். "என்ன மச்சான், டப்பா பிளேன் ஏறியாச்சா?"

"ஏறல. நான்தான் அனுப்பல."

"அட! கையை விட்டுப் போயிருச்சுன்னு சொல்லுங்க."

"நான் விட்டேன், போச்சு." அலி டீயை வாங்கி ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். பிறகு கூட்டம் மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி நடந்ததைச் சொன்னார். சுனில், துடைப்பக் கட்டை, சதுரம், பால் வேன், இருநூற்றுப் பத்தொன்பது. ஒன்றையும் குறைக்கவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொன்ன அதே குரலில், அதே கை வீச்சோடு, தான் தோற்றதையும் சொன்னார். தொப்பி ஆட்டியதை நடித்தும் காட்டினார். ஆரம்பத்தில் சிரித்தவர்கள் அந்த இடத்தில் டீயைக் குடிக்க மறந்தார்கள்.

"மொத்தம் எத்தனை பேர விட்டிய மச்சான்?" என்று இர்பான் கேட்டார். குரலில் கேலி இல்லை.

"மொதல்ல ஆறு பேர். அப்புறம் ஒருத்தனையும் விடல. புனேயில என்ன மாதிரி அமுக்க ஆளு கெடையாது."

இர்பான் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். "என்ன இருந்தாலும், நானா இருந்தா உங்களப் பாத்த ஒடனே கைய எடுத்திருப்பேன். சொந்த மச்சான் எனக்குத் தெரியாதா?"

"எடுத்திருப்பியோ?"

"சத்தியமா."

அலி அவர் தோளில் விரல் குறைந்த கையைப் போட்டார். "கம்ப்யூட்டரு திங்கக்கெழம வரைக்கும் ஷெட்டுலதாம் இருக்கு. நாளைக்கு எட்டு மணி லோக்கலப் பிடி. முந்நூறு படம். வந்து உக்காரு."